கரடி விதைத்த இரண்டு ஏக்கர்

பதியுதீன் கரடிப் பீ பொறுக்கப் போனதை நான் என் கண்ணால் கண்டவன். ஒரு கையில் சிமெந்துப் பை, மறு கையில் தட்டி நிமிர்த்திய தகரம், தலையில் துவாய். எலுவன்குளத்தில் காலை ஏழு மணி இருக்கும். என் தேத்தண்ணிக் கடையைத் தாண்டிச் ஆற்றைக் கடக்கிற சப்பாத்துப் பாலத்துப் பக்கம் நடந்துபோகிற எவரையும் எங்கே என்று கேட்காமல் நான் விடுவதில்லை. ஊருக்கு நான் அண்ணன் முறை, 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்க தம்பி வெளிக்கிட்டாய்?"

"கரடிப் பீ எடுக்க, நானா."

"எந்தக் கரடியிட?"

"பாலைப்பழம் திண்ட கரடியிட. மத்தது சரிவராது."

கடை வைத்த நாளிலிருந்து இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னவன் வேறு எவனுமில்லை. உட்காரவைத்து ஒரு பிளேன்டீ கொடுத்தேன். சீனி கூடுதலாகப் போட்டேன். புத்தி தடுமாறியவர்களுக்கு இனிப்பு நல்லது.

அவனுக்குப் புத்தி தடுமாறவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பாலை விதையை வெறுமனே மண்ணில் போட்டால் முளைக்காது. அதன் ஓடு அப்படி. பதியுதீன் இரண்டு மாரி போட்டுப் பார்த்து, இரண்டு மாரியும் எறும்புக்குத் தானம் செய்தான். பிறகு ஒருநாள் பாலத்துக்கு அங்கால் காட்டோரத்தில் கிடந்த பழைய கரடிப் பீயிலிருந்து ஏழு பாலைக் கன்றுகள் தலையை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து கரடிக்கும் அவனுக்கும் ஒப்பந்தம். யானை லத்தியில் விளா விதை வரும், அதையும் எடுத்தான். நாவலும் வீரையும் கரடியே சேர்த்துக் கொடுத்தது. எல்லாவற்றையும் நிழலில் காயவைத்து, மரவள்ளி வரிசைகளுக்கு நடுவே முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டிப் போட்டு, ஒவ்வொரு குழிக்கும் தகரப் பேணியால் தண்ணீர் ஊற்றினான்.

அடுத்த வருஷம் ஒரு கரடி தானாகவே அவன் வேலிக்கு வெளியே வந்து, காரியத்தை முடித்துவிட்டு, அவன் தகரத்தோடு வரும்வரை நின்றுவிட்டுப் போனது என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவன் நான்தான். கரடி நின்றது உண்மை. அவனுக்காக நின்றதா என்று அதனிடம் நான் விசாரிக்கவில்லை.

பதியுதீனும் அவன் பெண்சாதி ஸக்கியாவும் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் என்று ஊரோடு வெளியேற்றப்பட்டு, கைப்பிள்ளை ஃபர்ஸானாவைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். புத்தளத்துத் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் ஆறு வருஷம் இருந்தார்கள். அங்கேதான் அஸ்மின் பிறந்தான். பிறகு எலுவன்குளத்தில் இரண்டு ஏக்கர் பெர்மிட் காணி கிடைத்தது. கொடுத்தவர்கள் காணி என்றுதான் சொன்னார்கள். நான் பார்த்தபோது அது வெந்த சட்டி மாதிரி இருந்தது. காடு வெட்டி எரித்து, மூன்று போகம் எள்ளுப் போட்டு, பிறகு எவரோ விட்டுப்போன தரை.

ஆனி, ஆடியில் சோளகக் காற்று வீசினால் அந்தப் பக்கத்தில் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது. பக்கத்துக் காணிக்காரன் முஆஸின் கோழி முட்டையிடக் குந்தியது அவன் வளவில். முட்டை விழுந்தது அவன் மச்சான் வளவில். இரண்டு குடும்பமும் இன்றுவரை கதை பேச்சு இல்லை. பதியுதீனின் கிணறு இன்னும் மோசம். ஆவணி பிறந்தால் வாளியில் சேறு வரும். ஒரு தடவை வாளி வரவேயில்லை, கயிறு மட்டும் வந்தது, அதுவும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் இரண்டு பேரும் சொந்த ஊரைப் பார்க்கப் போனார்கள். வீடு நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனதாம். கிணற்றுக் கட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். சோறு சமைத்த குசினித் தரையைப் பிளந்துகொண்டு ஒரு பாலை மரம் நின்றது, ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில். சுற்றவர முதிரை, வீரை, முட்பற்றை. இருபது வருஷமாக யாரும் மிதிக்காத இடம். வெளியே வரும்போது வனக் காவலர் ஒருவர், இது இப்போது காடு, இனி உள்ளே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

ஸக்கியா அந்த மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். பதியுதீன் குனிந்து, அதன் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மணந்து பார்த்தான். கறுப்பு மண், ஈர மண். அந்த ஊரில் அவன் பாட்டன் காலத்திலும் அப்படி ஒரு மண் இருக்கவில்லையாம்.

ஒரே மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். அவள் ஒரு பாடம் படித்தாள், அவன் வேறொன்று படித்தான். பிறகு நடந்ததெல்லாம் அதனால் நடந்தது.

பதினான்கு வருஷத்தில் அந்த இரண்டு ஏக்கர் என்ன ஆனது என்பதை நான் சொன்னால் கடையில் சிரிப்பார்கள். காற்றுக்குக் குறுக்கே ஆறு பட்டியாக மரம். பாலை மெதுவான சாதி, அது இடுப்பைத் தாண்டுவதற்குள் வாகையும் வேம்பும் நாவலும் கூரை போட்டுவிட்டன. மரத்துக்குக் கீழே மஞ்சள், இராசவள்ளிக் கிழங்கு, அன்னாசி. பட்டிக்கு இடையில் கொச்சி மிளகாயும் கச்சான் கடலையும். வாகை மரங்களில் மிளகுக் கொடி. கிணற்றில் ஆவணியிலும் கையெட்டும் தூரத்தில் தண்ணீர். குருவிகள் அவன் காணியில் தின்று முஆஸின் வேலியில் எச்சமிட, அந்த வேலியும் தளிர்த்தது. முஆஸ் வருஷா வருஷம் மெசின் வைத்து அதை வழித்தெடுப்பான். தெருவுக்கு அந்தப் பக்கத்துக் காட்டையும் குளத்தோரப் பற்றையையும் இவன் காணி பாலம் மாதிரி ஒட்டவைத்தது. மான்கள் அதன் வழியாகக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போய்வந்தன. யானை வந்தால் விளாமரத்தடியில் நின்று வயிறு நிறையத் தின்றுவிட்டு, வீட்டுப் பக்கம் எட்டியும் பாராமல் போய்விடும். போகும்போது அடுத்த வருஷத்துக்கான விதையையும் போட்டுவிட்டுப் போகும். இவ்வளவு மரியாதை தெரிந்த விருந்தாளி என் கடைக்கு வந்ததில்லை.

முஆஸ் மட்டும் விடமாட்டான். "என்ன மச்சான், கரடிக்கு நாட்கூலியா, மாதச் சம்பளமா?" என்று தெருவில் நின்று கேட்பான்.

"உன்ட வளவுக்கும் ஒண்ட அனுப்பவா?" என்பான் பதியுதீன். "உள்ளத எல்லாம் வழிச்சி வச்சிரிக்காய். அதுக்கு வெக்கம், மறைவில்லாத இடத்தில இருக்காது."

ஸக்கியா இந்தச் சிரிப்பில் சேரமாட்டாள். மஞ்சள் கிண்டுவாள், அவிப்பாள், காயப்போடுவாள், மிளகு உருவுவாள். வேலையில் அவனைவிட ஒரு பங்கு கூட. ஆனால் புதிதாக ஒரு மரம் தலைக்குமேல் போனால் அவள் முகம் கறுக்கும்.

போன மாசி மாதம் பெர்மிட் காணிகளை எல்லாம் அளந்து நிரந்தர உறுதிப் பத்திரம் கொடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. காணி அளக்கிற அரசாங்க அதிகாரி, எங்களுக்குச் சேர், ஒரு வெள்ளைப் பிக்கப்பில் வந்தார். மட்டக்களப்பில் வேலை பார்த்தவர், தமிழ் தெரியும், நல்ல மனிதர். என் கடையில் இரண்டு வடை சாப்பிட்டு இரண்டையும் புகழ்ந்தார். அதை வைத்தே ஆள் இரக்கமுள்ளவர் என்று கண்டுகொண்டேன்.

பதியுதீனின் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு படத்தை விரித்தார். வானத்திலிருந்து எடுத்த படம். முஆஸின் காணி மஞ்சளாக, சதுரமாக, சுத்தமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டி.

"இது என்ன?" என்று கேட்டார்.

"என்ட தோட்டம் சேர்" என்றான் பதியுதீன்.

"இது காடு."

"மேலால பாத்தாக் காடு. கீழ வாங்க, காட்டுறன். மஞ்சள் இரிக்கி, வள்ளி இரிக்கி, மிளகு இரிக்கி."

சேர் எழும்பிப் போய் அரை மணித்தியாலம் சுற்றிப் பார்த்தார். ஒரு அன்னாசியும் வெட்டிக் கொடுத்தோம். வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "ஐயா, நான் நாடு முழுக்கச் சுத்தியிருக்கிறன். இப்பிடி ஒண்டு காணல்ல. மெய்யா, நீங்கதான் நட்டீங்களா?"

"நானும் கரடியும்."

சேர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் தலையாட்டலுக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரியாது, அதனால் நம்பினார்.

"ஆனா படத்திலதான் முடிவு" என்றார். "படத்தில மரம் மூடியிருந்தா அது காட்டோட சேரும். பயிர்க் காணிக்குத்தான் உறுதி. வீடும் வளவும் உங்களுக்கு விடுவாங்க. மத்தது எல்லைக் கல்லுப் போட்டுக் காட்டோட எடுப்பாங்க."

ஸக்கியா குசினி வாசலில் நின்றாள். கையில் உலக்கை இருந்தது. அதை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அப்ப நாங்க என்ன செய்ய சேர்?" என்றான் அஸ்மின். புத்தளத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்கு ஓட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"இருபது நாளால ரெண்டாம் படம் எடுப்பாங்க. அதில மண் தெரியவேணும்."

"மரம் வெட்ட அனுமதி?"

"காணி உங்கடயெண்டா அனுமதி கேக்கலாம்."

"காணி எங்கடயாக?"

"மரம் இருக்கக் கூடாது."

சேர் படத்தைச் சுருட்டினார். "நான் ஒண்டும் சொல்லல்ல. எழுதவும் இல்ல" என்று எழும்பினார். பிக்கப்பில் ஏறும்முன் பதியுதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார், மையத்து வீட்டில் குலுக்குகிற மாதிரி.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. என் யோசனைதான். மரத்துக்கு மேலே பழைய உரச் சாக்குகளைக் கோர்த்து விரித்தால், மேலிருந்து பார்க்கிறவனுக்கு மண் மாதிரித்தானே தெரியும்? நான் விளையாட்டுக்குச் சொன்னேன். ஆற்றில் போகிறவனுக்குத் துரும்பு விளையாட்டாகத் தெரியாதே. அஸ்மின் தில்லையடியிலிருந்து ஒரு வண்டிச் சாக்குக் கொண்டுவந்தான். கலியாணம் முடித்துத் தில்லையடியில் இருக்கிற ஃபர்ஸானாவும் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து கோணி ஊசியால் இரண்டு நாள் தைத்தாள். மூன்று மரத்துக்கு விரித்தோம். மறுநாள் காலை ஒரு குரங்குக் கூட்டம் ஆளுக்கொரு சாக்கைப் போர்த்திக்கொண்டு என் கடையைத் தாண்டி, கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாகப் பாலம் கடந்தது. கடைசிக் குரங்கு சாக்கைத் திருப்பிப் போட்டிருந்தது. மற்றக் குரங்குகள் அதைச் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டேன்.

பதினோராவது நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள். அவித்த மரவள்ளியும் கட்டச் சம்பலும் நடுவில் இருந்தன. யாரும் தொடவில்லை. ஈக்கள்தான் விருந்து.

"நானா, நீங்களே சொல்லுங்க" என்றாள் ஸக்கியா. "இந்த மனிசனுக்கு ஒரு புத்தி சொல்லுங்க."

"என்ட புத்தியச் சாக்கோட குரங்கு கொண்டு போயிட்டுதே, தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. "ஒன்பது நாள் இரிக்கி. வெட்டுங்க எண்டு சொல்லுறன். கேக்குறாரில்ல."

"வெட்டினா என்ன மிஞ்சும்?" என்றான் பதியுதீன், தரையைப் பார்த்துக்கொண்டு. "மஞ்சள் ஒரு கிழமை வெயில் தாங்காது. மிளகு மரத்தோட போகும். சோளகம் வரும். கிணறு பழைய கிணறாகும். அந்தக் காணிய வச்சி என்ன செய்யப் போறாய்?"

"காணிய வச்சி இருக்கப் போறன். சும்மா இருக்கப் போறன். என்ட காணியில வெயில் அடிச்சா அது என்ட வெயில்."

"வெட்டாட்டியும் மரம் இங்கதானே உம்மா நிக்கப் போகுது" என்றாள் ஃபர்ஸானா. "வீட்டையும் வளவையும் விடுவாங்களாமே."

"ஓம். குசினிக்கும் கக்கூசுக்கும் நடுவில நான் விவசாயம் செய்யிறன்." ஸக்கியா மகளின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியா. நீ அப்ப கைப்பிள்ள. நான் வீட்டப் பூட்டித் திறப்ப இடுப்பில சொருகிட்டு வந்தவ. பூட்டின வீட்டுக்குள்ள மரம் வரும் எண்டு ஆரும் சொல்லல்ல. போய்ப் பாத்தா இது காடு எண்டுறாங்க. நான் சோறு வடிச்ச இடம் காடாம். எனக்குக் காட்டில பயமில்ல நானா. யானையிலயும் பயமில்ல, கரடி வந்தா அவருக்குக் கூட்டாளி. காடு எண்டு ஒரு பேர் வைக்கிறாங்களே, அந்தப் பேருக்குத்தான் பயம். அந்தப் பேர் வந்தா மனிசர் இருந்ததுக்கு அடையாளமே இல்ல."

"இது வேற. இது நாங்க நட்டது" என்றான் பதியுதீன்.

"அத ஆருக்குச் சொல்லப் போறீங்க? படத்துக்கா?"

தெருவில் முஆஸின் லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் கடகடவென்று போனது. அவன் காணிக்கு உறுதி எழுதியாகிவிட்டது என்று காலையில்தான் கடையில் இனிப்புக் கொடுத்தான். பதினான்கு வருஷமாக ஒரு புல்லுக்கும் இடம் கொடுக்காதவன்.

"வாப்பா" என்றான் அஸ்மின். "எல்லாத்தையும் வேணாம். நாலு பட்டிய வெட்டுவம். ரெண்டு பட்டி நிக்கட்டும்."

"சேருக்கு நேத்து ஃபோன் எடுத்தனீதானே. என்ன சொன்னாரு?" என்றான் பதியுதீன்.

அஸ்மின் கீழே பார்த்தான். "பாதி பச்சை எண்டாலும் கல்லுப் போடுவாங்களாம்."

"அப்ப?"

ஸக்கியா எழும்பினாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க மரத்தோட இருங்க. உங்களக் குறை சொல்லல்ல. நீங்க தண்ணி ஊத்தினதப் பாத்தவ நான், பேணி கழுவித் தந்தவளும் நான்தான். ஆனா இன்னொரு தரம் ஆராவது வந்து போ எண்டு சொல்லும்வரை நான் நிக்கமாட்டன். போறதெண்டா இப்பவே என்ட காலால போறன்."

பதியுதீன் ஒரு மரவள்ளித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு அதைத் தட்டில் வைத்தான்.

"ஃபஸ்லானுக்குச் சொல்லு" என்றான்.

ஃபஸ்லான் மரம் அரிகிற மெசின் வைத்திருப்பவன், பதியுதீனை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். இரண்டு கூலியாட்களோடு மூன்றாம் நாள் காலையில் வந்தான். காணியைப் பார்த்ததும் மெசினைக் கீழே வைத்துவிட்டான். "பதியுதீன் காக்கா, இதெல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பாலையுமா?"

"படத்தில பாலை எண்டு எழுதி வராது. அதும் பச்சைதான்."

அன்றைக்கு நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். பதியுதீன் ஒவ்வொரு மரத்திடமும் முதலில் போனான். கையை வைத்து, மேலே பார்த்து, காற்றைப் பார்த்து, எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று சொன்னான். கயிறு கட்டுவதை அவனே செய்தான். மஞ்சள் பாத்தி நசுங்கக் கூடாதாம். ஒரு கிழமையில் வெயிலில் சாகப்போகிற மஞ்சள். சொன்னபடி மரங்களைப் பாதைப் பக்கம் சாய்த்தார்கள்.

வாகை சீக்கிரம் விழுந்தது. வேம்பும் அப்படித்தான். நாவலில் கிளிக்கூடு இருந்தது. பதியுதீன் ஏறி, பொந்திலிருந்த இரண்டு குஞ்சுகளைத் துவாயில் இறக்கி, போட்டு வைக்க இடம் தேடிக் காணி முழுக்கச் சுற்றினான். எந்த மரத்தில் வைத்தாலும் அதுவும் விழப்போகிற மரம். கடைசியில் குசினித் தட்டில் வைத்தான்.

பகலுக்கு ஸக்கியா சோறும் பாரை மீன் ஆணமும் கொண்டுவந்தாள். வெட்டிக் கிடந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். மரம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாமல் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தோம். அவள் ஒவ்வொருவருக்கும் ஆணம் விட்டுக்கொண்டே வந்து, பதியுதீனிடம் வந்ததும் மீனின் நடுத்துண்டைத் தேடி எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட்டான். முள்ளை ஒழுங்காகத் தட்டின் ஓரத்தில் அடுக்கினான்.

பாலை மரங்கள் பிந்தித்தான் விழுந்தன. பன்னிரண்டு வயசுப் பாலை என்பது பெரிய மரமில்லை, என் தொடைப் பருமன். ஆனால் மெசினின் பல் மூன்று தடவை மழுங்கிப் போனது. ஃபஸ்லான் வியர்வையை வழித்துக்கொண்டு, "இரும்பு காக்கா இது. வெட்டத்தான் இப்பிடிக் கஷ்டமா, வளக்கவும் இப்பிடியா?" என்று கேட்டான். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வளக்கக் கஷ்டமில்ல" என்றான் பதியுதீன். "பொறுக்கவேணும். அவ்வளவுதான்."

பின்னேரம் நாலு மணிக்குக் காற்று வந்தது. பதினான்கு வருஷமாக வேலியோடு திரும்பிப்போன காற்று. நேராகக் காணியைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, குசினிக்குள் போய் மா வைத்திருந்த சுளகைக் கவிழ்த்தது. ஸக்கியா ஓடிப்போய்ப் பார்த்தாள். மாவை அள்ளவில்லை. வாசலில் நின்று திரும்பிக் காணியைப் பார்த்தாள். அங்கிருந்து தெரு தெரிந்தது, முஆஸின் வீடு தெரிந்தது, முஆஸ் தன் வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதும் தெரிந்தது.

இரண்டாம் படத்தில் மண் நன்றாகத் தெரிந்ததாம். அஸ்மினுக்குச் சேர் ஃபோனில் சொன்னார். உறுதி எழுதுவார்கள் என்றும் சொன்னார். வெட்டினதற்கு ஒரு கேள்வியும் வரவில்லை. படம் எடுத்த எவரும் கீழே வந்து பார்க்கவில்லை.

மஞ்சள் ஒன்பது நாள் தாங்கியது. ஒரு கிழமை என்று பதியுதீன் சொன்னது பிழை. மிளகுக் கொடிகள் விழுந்த மரங்களோடேயே காய்ந்தன. கொச்சி நாற்று வைத்தார்கள், சோளகம் வேரோடு பிடுங்கித் தெருவில் நட்டது. ஆடி முடியமுன் கிணறு சேறு காட்டியது. அஸ்மின் புத்தளத்திலிருந்து பரல் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தான். மான்கள் இரண்டு தரம் தெரு வரைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

ஆவணியில் யானை வந்தது. விளாமரம் நின்ற இடத்தில் வழக்கம்போல் நின்றது. தும்பிக்கையால் அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தது. வெகுநேரம் நின்றது. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, குசினிச் சுவரைத் தள்ளி, நெல்லுச் சாக்கை இழுத்துக்கொண்டு போனது. ஸக்கியா அந்தச் சுவருக்கு மறுபக்கம் படுத்திருந்தாள். ஒரு கல் விழுந்து தோள்பட்டை இறங்கியது. அடுத்த நாள் ஃபர்ஸானா வந்து இரண்டு பேரையும் தில்லையடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை புத்தளத்தில் ஜும்மா முடித்து, அவர்களைப் பார்க்கப் போனேன். ஃபர்ஸானாவின் வீடு சிறியது. மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கதிரை போடலாம். அந்தக் கதிரையில் பதியுதீன் மதிலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சலாம் சொன்னேன், பதில் சொன்னான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"இப்பிடித்தான்" என்றாள் ஸக்கியா. தோளில் இன்னும் கட்டு இருந்தது. "சாப்பாடு கேக்குறதில்ல, வேணாமெண்டும் சொல்லுறதில்ல. ஒரு கதைக்கு மறு கதை இல்ல. நீங்க வந்தா ஏதும் பொய் சொல்லிச் சிரிக்க வைப்பீங்க எண்டு பாத்தன்."

நான் அந்தக் குரங்குக் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை கடைசிக் குரங்குக்குத் தொப்பியும் போட்டுவிட்டேன். ஃபர்ஸானாவின் பிள்ளைகள் சிரித்தார்கள். பதியுதீன் மதிலைப் பார்த்தான்.

ஸக்கியா பாணும் பருப்பும் தந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் அலுமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். உறுதிப் பத்திரம். முத்திரை, கையெழுத்து, கீழே வரைபடம், எல்லாம் சிங்களத்தில்.

"போன கிழமை வந்தது. எங்கட ரெண்டு பேரிட பேரும் இரிக்கி எண்டு அஸ்மின் சொன்னான். மத்ததக் கேட்டா, பத்திரமா வையுங்க உம்மா எண்டுறான். நீங்க சிங்களம் வாசிப்பீங்கதானே நானா. எல்லாத்தையும் வாசிங்க. ஒண்டையும் விடாம வாசிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பதியுதீன் பெயர், அவள் பெயர், இரண்டும் சரி. அடையாள அட்டை இலக்கம் சரி. இரண்டு ஏக்கர். வடக்கே தெரு, தெற்கே குளத்து ஒதுக்கம், கிழக்கே முஆஸின் காணி. ஒவ்வொரு வரிக்கும் அவள் தலையாட்டினாள். அதற்குக் கீழே காணியின் தன்மை என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில், பயிரோ மரமோ இல்லாத தரிசு நிலம் என்று எழுதியிருந்தது.

அதை வாசிக்காமல் நிறுத்தினேன்.

"அதில என்ன போட்டிரிக்கி?" என்றாள். விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டாள்.

"தோட்டம்" என்றேன். "பலவகை மரமும் பயிரும் உள்ள தோட்டம்."

"அப்பிடியா எழுதியிரிக்கி?"

"அப்பிடித்தான்."

அவள் பத்திரத்தை வாங்கி, கட்டமிட்ட இடத்தை ஒரு தரம் தடவினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? மரமும் எண்டு போட்டிரிக்காங்களாம்."

பதியுதீன் மதிலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். அந்தப் பத்திரம் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு வாங்கியவன் அவன். சிங்களம் என்னைவிட நன்றாக வாசிப்பான்.

"ஓம்" என்றான். "நானா வாசிச்சது சரிதான்."

அவள் பத்திரத்தை உறையில் போட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அவன் மறுபடியும் மதிலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.